தாசம்மாள் கேட்ட மன்னிப்பு

மன்னிப்பு, மன்னிப்பு என்று அந்த ஆள் மைக்கை வாய்க்குள்ளேயே திணித்துக்கொண்டு கத்தியதில் வயலெட்டின் வலது காதுக்குள் விண்ணென்று தெறித்தது. முந்நூறு பேர் உட்காருகிற கொன்னவிளைக் கோயிலுக்கு எதற்கு ஆளுயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி என்று யாரும் கேட்கமாட்டார்கள், கேட்டால் ஆவிக்குரிய அனுபவம் இல்லாதவள் என்று பேர் வரும். மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து உள்ள நாள். வழக்கம்போலப் போதகர் ஐயா பதினைந்து நிமிஷம் எதையாவது சொல்லிவிட்டு அப்பத்துக்கும் திராட்சரசத்துக்கும் போயிருந்தால் பதினொன்றரைக்கு வீட்டில் இருந்திருக்கலாம். அதற்குப் பதில் இந்தச் சகோதரர் ஜோயல்துரை. திருநெல்வேலிப் பக்கத்தாராம், குணமாக்கும் வரம் உள்ளவராம். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், நெற்றியில் ஆறாக வேர்வை. சர்க்கரை இருக்கும் இவனுக்கு என்று வயலெட் நினைத்தாள், இல்லாவிட்டால் பிரஷர்; ஊராரைக் குணமாக்குவதற்கு முன்னால் ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்தால் என்ன. முப்பத்தாறு வருஷம் நர்ஸ் வேலை பார்த்த கண் அது, ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் அடங்கவில்லை, முன் வரிசையில் இருக்கிறவளின் வீங்கின கணுக்காலைப் பார்த்தால் இதயமா கிட்னியா என்று கேட்கும். "உங்களுக்கு முட்டு வலிக்குதா? அது முட்டு இல்ல, கசப்பு! உள்ள ஒரு ஆளை மன்னிக்காம வச்சிருக்கீங்க!" என்றார் அவர். வயலெட்டுக்கு முட்டு வலித்துக்கொண்டுதான் இருந்தது. சிமெண்டுத் தரையில் முப்பத்தாறு வருஷம் நின்ற முட்டு வலிக்காமல் பாடவா செய்யும். கசப்பாம். அப்படியானால் உலகத்தில் மாத்திரை எதற்கு, எக்ஸ்ரே எதற்கு. அவளுக்கு மன்னிக்க வேண்டிய ஆள் யாரும் கிடையாது. அதுதான் அவளுக்கு எரிச்சல். இந்தப் பிரசங்கிகள் எல்லாரும் மன்னிக்க வேண்டியவர்களைப் பார்த்தே பேசுகிறார்கள், இவளுக்கு இன்னார் கெடுதல் செய்தார், அவளுக்கு மாமியார் கெடுதல் செய்தாள், எல்லாரும் அடிபட்டவர்கள், எல்லாரும் கண்ணீர் விடுகிறவர்கள். அடித்தவள் ஒருத்திகூட இந்தக் கூரைக்குக் கீழே உட்காரவில்லை என்பதுபோல.

அடித்தவள் ஐந்தாம் வரிசையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள் என்று எழுந்து சொன்னால் அந்த ஆள் வேர்வை துடைக்கிற கைக்குட்டையைக் கீழே போட்டுவிடுவார். வயலெட் அந்த நினைப்பைச் சட்டென்று திருப்பினாள். திரும்பிய இடத்தில் தாசம்மாளின் பிடரி இருந்தது. எப்போதும் அப்படித்தான், எங்கே திருப்பினாலும் அந்தப் பிடரி. இரண்டு வரிசை முன்னால், தூண் ஓரம், அதே இடம். நரைத்துக் கொட்டிப்போன கொண்டை, கழுத்தில் ஒரு கருப்பு மச்சம், வெள்ளைச் சேலை முக்காடு. இருபத்தெட்டு வருஷமாக மாதத்தின் எல்லா ஞாயிறும் அந்த மச்சத்தைப் பார்த்தபடிதான் வயலெட் பாட்டுப் பாடினாள், ஜெபம் செய்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள். இடம் மாறி உட்காரலாம். ஒரு தடவை மாறினாள், பின்வரிசைக்கு. அன்று பார்க்க முடியாத பிடரி மனசுக்குள் இன்னும் பெரிதாகிவிட்டது, திரும்பி வந்துவிட்டாள். தாசம்மாளின் கைகளைத்தான் பார்க்கக் கூடாது. முந்திரிக்கொட்டை உடைக்கிற அண்டி ஆபீசில் இருபது வருஷம் இருந்த கைகள். கொட்டையின் எண்ணெய் சுட்டுச் சுட்டு விரல் நுனியெல்லாம் கரிக்கட்டை மாதிரி, நகத்தைச் சுற்றித் தோல் உரிந்து. அதற்கு முன்னால் அந்தக் கைகள் எப்படி இருந்தன என்று கொன்னவிளையில் வயலெட்டுக்கு மட்டும் தெரியும். டெட்டால் வாசம் அடிக்கிற, ஈரம் காயாத, சுத்தமான கைகள். மிஷன் ஆஸ்பத்திரிக் குழந்தைகள் வார்டில் ஆயாவாக இருந்தாள் தாசம்மாள். வயலெட்டைவிட மூன்று வயது மூத்தவள், ஆனாலும் இவள் அவளை நீ என்பாள், அவள் இவளை சிஸ்டர், நிங்க என்பாள். நர்ஸுக்கும் ஆயாவுக்கும் நடுவில் வயதா பார்ப்பார்கள்.

ட்ரே. யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, பிரசங்கியார் தாவீது ராஜாவைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், ஆனாலும் ட்ரே வந்துவிட்டது, எனாமல் போன மூலையோடு. தொண்ணூற்றாறு டிசம்பர், பிற்பகல் டியூட்டி. கிறிஸ்துமஸ் பாடகர் குழுவுக்காக வயலெட் பாட்டுப் பிரதி எழுதிக்கொண்டிருந்தாள், அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும், பதினான்கு பிரதி வேண்டும், ஒன்பதாவது பிரதியில் இருந்தாள். மூன்று மணி ஊசி மருந்துகளை ட்ரேயில் எடுத்து வைப்பது நர்ஸின் வேலை. "தாசம்மா, அந்த ட்ரேய அடுக்கு" என்றாள், தலையைத் தூக்காமல். தாசம்மாளுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. தெரியாது என்பது வயலெட்டுக்குத் தெரியும். மருந்துத் தூளைக் கரைக்கிற வெறுந்தண்ணீர்க் குப்பியும் நேராக ரத்தத்தில் ஏற்றினால் இதயத்தை நிறுத்திவிடுகிற பொட்டாசியக் குப்பியும் ஒரே அளவு, ஒரே கண்ணாடி, பொட்டாசியத்தின் எழுத்து மட்டும் பச்சை. எழுத்தை வாசிக்க இரண்டு வினாடி. வயலெட் வாசிக்கவில்லை. உடைத்தாள், உறிஞ்சினாள், தூளைக் கரைத்தாள், நாலாவது கட்டிலுக்குப் போனாள். அஜின் என்று பையன், நாலு வயது, கடற்கரை ஊர், வயிற்றோட்டத்தில் வந்து மூன்று நாளில் தேறி எழுந்து உட்கார்ந்து, மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. ஊசியா என்று கேட்டான். எறும்பு கடிக்கிற மாதிரிதான் என்றாள் வயலெட். டியூபில்தான் ஏற்றினாள், குத்தக்கூட இல்லை. அதற்கப்புறம் நடந்ததை அவள் மனசு ஒருபோதும் முழுவதுமாக ஓட்டிக் காட்டியதில்லை, பையனின் அம்மா தரையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த இடத்தோடு அறுந்துபோகும், அந்தத் தோல், தரையில் சுருள் சுருளாக. மறுநாள் மேட்ரன் அறை. "பொட்டாசியத்த ட்ரேயில எடுத்து வச்சது யாரு?" வயலெட் சொன்னாள்: "தாசம்மாள்." ஒரு வார்த்தைதான். பொய்யில்லை. எடுத்து வைத்தது அவள்தானே. குப்பியை வாசிக்காமல் உடைத்தது யார் என்று மேட்ரன் கேட்கவில்லை, கேட்காததற்கு எதற்குப் பதில். அன்று சாயங்காலமே தாசம்மாளுக்கு வேலை போயிற்று. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், கேட்டிருந்தால் கண்டிப்பாகச் சொல்லியிருப்பேன், என்று இருபத்தெட்டு வருஷமாக அவள் அந்த அறையில் நின்று யாரிடமோ சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

"இப்பவே!" என்று பெட்டி இரண்டும் அலறியதில் வயலெட் துள்ளிவிட்டாள். "நாளைக்கு இல்ல, இப்பவே! எல்லாரும் எழும்புங்க! யாருகிட்ட மனஸ்தாபம் இருக்கோ அவங்க கையைப் பிடிச்சு, மன்னிச்சிருங்கன்னு சொல்லுங்க. சொல்லும்போதே விடுதலை!" கீபோர்டுக்காரன் மெல்ல ஒரு ராகத்தை இழுத்தான். ஆரம்பித்துவிட்டது கூத்து. வாசற்படிக்காக முந்தாநாள்வரை சண்டை போட்ட இரண்டு சகலபாடிகள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், நாளைக்கு மறுபடி சண்டை போடுவார்கள். மூன்றாம் வரிசைப் பெண்கள் ஆளுக்காள் மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க என்று சிரித்துக்கொண்டே கல்யாண வீட்டில் வெற்றிலை கொடுப்பதுபோலக் கொடுத்து வாங்கினார்கள். இதற்கா ஒருத்தன் சிலுவையில் தொங்கினான். பக்கத்தில் இருந்தவள் கையை நீட்டினாள், வயலெட்டும் நீட்டினாள், மன்னிச்சாச்சு, மன்னிச்சாச்சு, சீக்கிரம் உட்காருங்கள். அப்போதுதான் பிடரி திரும்பியது. தாசம்மாள் எழுந்து, தூணைப் பிடித்து, வரிசைக்குள்ளிருந்து பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து, பெஞ்சுகளுக்கு நடுவே இவளைப் பார்த்தே வந்தாள். வந்துவிட்டது. இந்த வேர்வைக்காரனை முன்னால் வைத்துக்கொண்டு, முந்நூறு பேருக்கு நடுவில், நான் உங்கள மன்னிச்சேன் சிஸ்டர் என்று சொல்லப்போகிறாள், எதுக்கு என்று எல்லாரும் திரும்புவார்கள். தாசம்மாள் வந்து நின்றாள். கரிந்த விரல்கள் வயலெட்டின் கையைப் பிடித்தன, எதிர்பார்த்ததைவிடச் சூடாக இருந்தன. "சிஸ்டர், நிங்க என்ன மன்னிக்கணும்" என்றாள். சுற்றிலும் இருந்த அத்தனை சத்தத்தின் ஓட்டத்தில், வாய் தானாகவே, சிரிப்போடுகூட, "மன்னிச்சாச்சு தாசம்மா, போ" என்றது. தாசம்மாள் கையை விட்டுவிட்டு, வந்த வழியே நகர்ந்து போய்த் தூணோரம் உட்கார்ந்தாள்.

மன்னிச்சாச்சாம். யார் யாரை. வயலெட் உட்கார்ந்தபோது முழங்காலிலிருந்து காதுவரை தீப்பிடித்த மாதிரி இருந்தது. என்ன சொன்னேன் நான். அவள் என்ன கேட்டாள். அவள் எதற்கு என்னிடம் கேட்கவேண்டும், அவள் எனக்கு என்ன செய்தாள், ஒன்றும் செய்யவில்லை, செய்யாமல் இருந்ததுதான் அவள் செய்தது, இருபத்தெட்டு வருஷம் வாயைத் திறக்காமல் என் கண் முன்னால் கழுத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பழிக்கிறாளா? ஊமைக் குசும்பா இது? மன்னிப்புக் கேட்கிற மாதிரிக் கேட்டு, என் வாயாலேயே மன்னிச்சாச்சு என்று சொல்லவைத்து, போய் உட்கார்ந்து சிரிக்கிறாளா? பிடரி சிரிக்கவில்லை. குனிந்திருந்தது. பிரசங்கியார் ஒருவழியாக உட்கார, போதகர் ஐயா பீடத்துக்கு முன்னால் வந்து திருவிருந்து முறைமையைத் திறந்தார், சபை முழங்காலில் நின்று பாவ அறிக்கையைச் சொல்லத் தொடங்கியது. வயலெட்டின் வாய் சேர்ந்துகொண்டது. நாங்கள், நாங்கள், எங்கள், எங்கள் என்று முந்நூறு வாய். எவ்வளவு வசதியான வார்த்தை இந்த நாங்கள். ஒரு மழைக்காலத்துக் குடை மாதிரி, யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், யார் நனைந்தார் என்று தெரியாது. இதற்குள் நின்றுதான் அவள் மாதாமாதம் பாவம் தீர்ந்து வீட்டுக்குப் போனாள், போய்ச் சாப்பிட்டாள், தூங்கினாள். போகாமல் இருந்தால் கவனிப்பார்களே என்றுதான் முதல் மாதம் பந்திக்குப் போனாள். அப்பம் நாக்கில் ஒட்டிக்கொண்டு இறங்கவில்லை. இடி விழவில்லை. இரண்டாம் மாதம் இறங்கிவிட்டது. கடவுள் மேல் அவளுக்கு அப்போதே ஒரு வெறுப்பு வந்தது, இவ்வளவு எளிதாக இறங்கவிடுகிறாரே என்று. ஒரு காய்ச்சல், ஒரு பக்கவாதம், ஏதாவது ஒன்று கொடுத்திருந்தால் தீர்ந்தது. ஏழு வருஷம் கழித்துக் கொடுத்தார், அவளுக்கு அல்ல, அவள் புருஷன் கிங்ஸ்லிக்கு. மின்வாரியத்தில் லைன்மேன், யாரிடமும் உரக்கப் பேசாத மனுஷன், ஸ்கூட்டரில் வேலை முடிந்து வந்தவரை மணல் லாரி அடித்துப்போட்டது. அந்தச் சாவு வீட்டிலும் தாசம்மாள் இருந்தாள். முற்றத்தில் யாரோடும் ஒட்டாமல் நின்று, சொந்த அக்கா தங்கை அழாத அழுகை அழுதாள், மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். நடிக்கிறாள் என்று வயலெட் நினைத்தாள். என் தாலி போனதில் உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டு நடிக்கிறாள்.

முதல் பந்தி எழுந்து போனது. முதலில் பாடகர் குழு, பிறகு ஆண்கள் பக்கம், கடைசியில்தான் பெண்கள். தெரியாமல் போக முடியாது என்று வயலெட்டுக்குத் தோன்றியது. எதற்காகக் கேட்டாள் என்று தெரியாமல் அந்தப் பந்தியில் போய் நின்றால் இந்தத் தடவை தொண்டையில் சிக்கிச் செத்தே போவாள். எழுந்தாள். இரண்டு வரிசை முன்னால் போய் அந்த மச்சத்துக்குப் பக்கத்தில் தோளைத் தொட்டாள். "வெளிய வா." தாசம்மாள் கேள்வி கேட்காமல் எழுந்து வந்தாள். பக்கவாசலைத் தாண்டி, கார் நிறுத்துகிற இடத்தில், அயனிமரத்து நிழலில் நின்றார்கள். உள்ளே பாட்டுச் சத்தம். "எதுக்கு எங்கிட்ட மன்னிப்புக் கேட்ட?" என்றாள் வயலெட். குரல் வார்டில் ஆயாவை அதட்டுகிற குரலாகவே வந்தது, அவளால் மாற்ற முடியவில்லை. தாசம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்தாள். "நாளைக்கு மகளுக்க கூட மதுரைக்குப் போறேன் சிஸ்டர். இனி இந்தக் கோயிலுக்கு எனக்கு வரவு இல்ல. போவதுக்கு முன்ன இத முடிக்கணும்னு இருந்தது. உள்ள வச்சு நிங்க சொன்னது சும்மா சொன்னது. கேட்டுட்டுச் சொல்லணும்." "என்னத்த?" "நிங்க சாவணும்னு நான் ஜெபம் பண்ணினேன். ஏழு வருசம்." அவள் அதைக் கடைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். "அண்டி ஆபீசுக்குப் போவதுக்கு முன்ன, விடியக்காலத்த, முழங்காலில நின்னு. கர்த்தாவே, அந்த வயலெட்ட எடும்னு. பேரு சொல்லி. வெள்ளிக்கிழம உபவாசம் இருந்தும் கேட்டேன். கை பொள்ளி வெந்து போவும்போதெல்லாம் கேட்டேன். பொறவு உங்க மாப்பிள லாரியில அடிபட்டுப் போனாரு. எனக்கு நெஞ்சு நின்னு போச்சு. நான் அவரக் கேக்கலியே சிஸ்டர். அந்த மனுசன் ஒருநாள் கொட்டுற மழையில போஸ்ட்டுல ஏறி எனக்க வீட்டுக்கு லைட்டு எரிய வச்சாரு, பாலில்லாத கட்டஞ்சாயா மட்டும் குடிச்சிட்டுப் போனாரு. நான் கேட்டது ஒண்ணு, ஆள் மாறிப் போச்சேன்னு அண்ணைக்கு உங்க முற்றத்தில கிடந்து கதறினேன். அதோட நிறுத்தினேன். கர்த்தரு என்ன மன்னிச்சாரு, அது எனக்குத் தெரியும், எப்பிடித் தெரியும்னு கேக்காதீங்க. ஆனா உங்கட்ட நான் கேக்கலயே. அதுதான்."

வயலெட் அயனிமரத்தில் கையை ஊன்றினாள். லாரிக்காரன் குடித்திருந்தான், போலீஸ் சொன்னது, ஜெபத்துக்கும் பிரேக்குக்கும் சம்பந்தம் கிடையாது, அவள் நர்ஸ், அவளுக்குத் தெரியும். ஆனாலும் உள்ளே ஒன்று சடாரென்று தலை தூக்கியது. பிடித்துக்கொள், என்றது அது. இவள்தான் கேட்டாள், இவளே ஒப்புக்கொள்கிறாள், உன் புருஷனை இவள்தான் தின்றாள், சொல், ஒரு வார்த்தை போதும், காலம் முழுக்க இவள் தலையில் கிடக்கும், உன் பாரம் இறங்கிவிடும். எவ்வளவு எளிது. மேட்ரன் அறையில் இருந்த அதே எளிது, அதே மின்விசிறிச் சத்தம்கூடக் காதில் கேட்டது. தாசம்மாள் எதிரே நின்றுகொண்டிருந்தாள், கரிந்த கைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, தீர்ப்புக்குக் காத்திருப்பவள்போல. யார் முன்னால் யார். வயலெட்டுக்கு அவள்மேல் வந்த கோபம், அவளிடம் போகிற வழியில், திரும்பித் தன் கழுத்தையே பிடித்தது. "நான் வாசிக்கல்ல" என்றாள். தாசம்மாள் நிமிர்ந்தாள். "அந்தக் குப்பிய நான் வாசிக்கல்ல தாசம்மா. வாசிக்காம உடைச்சேன். பாட்டு எழுதிட்டு இருந்தேன், அந்த அவசரம். ட்ரே அடுக்குகது எனக்க வேலை, உனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சும் உன்னச் செய்யச் சொன்னேன். பொறவு மேட்ரன் கேட்டப்ப உனக்க பேரச் சொன்னேன். சொன்னது பொய் இல்ல. பொய்யா இருந்திருந்தா என்னைக்கோ பிடிபட்டிருப்பேன்." சொல்லி முடித்ததும் தலைக்குள் அப்படி ஒரு நிசப்தம், உள்ளே பாட்டு ஓய்ந்துவிட்டதோ என்று நினைத்தாள். ஓயவில்லை, நடந்துகொண்டுதான் இருந்தது. "எனக்குத் தெரியும்லா" என்றாள் தாசம்மாள். "ஒடஞ்ச குப்பியப் பெறக்கினது நான்தான? பச்சை எழுத்து. அத எடுத்துட்டு மேட்ரனுக்க வாசல்ல போய் நின்னேன். வாச்மேன் கேட்டுக்கு வெளிய கொண்டு விட்டான். ஆயாவுக்க பேச்ச யாரு கேப்பா."

வயலெட் அழவில்லை. அழுதால் தாசம்மாள் தேற்ற வேண்டி வரும், அந்த வேலையையும் அவளுக்குக் கொடுக்கக் கூடாது. "நீ என்ன மன்னிச்சியா?" என்று கேட்டாள். தாசம்மாள் கீழே கிடந்த ஒரு பழுத்த இலையைச் செருப்பு நுனியால் தள்ளினாள். "சாவணும்னு கேக்கத நிறுத்தினேன். அதுக்கு மேல எனக்கு வரல்ல சிஸ்டர். பாத்தேன், முக்கி முக்கிப் பாத்தேன், வரல்ல. மிச்சத்த அவரு பாத்துக்கிடட்டும்னு விட்டுட்டேன்." கோயில் பக்கம் முகத்தைக் காட்டினாள். "ஒரு பொம்பளைக்க உயிர எடும்னு கேட்ட எனக்க ஜெபத்த அவரு மன்னிச்சாருன்னா, உங்கள மன்னிக்காம இருக்க அவருக்கு வழி இல்லியே. எனக்கு அதுல சந்தோசம் ஒண்ணும் இல்ல. ஆனா உள்ளத சொல்லணும்லா. சரி, இப்பம் நிங்க சொல்லுங்க. சும்மா சொல்லாண்டாம்." கிங்ஸ்லியின் முகம் வந்தது, கட்டஞ்சாயா டம்ளரோடு. வயலெட் மூச்சை இழுத்துவிட்டாள். "அவரு செத்தது உனக்க ஜெபத்தால இல்ல தாசம்மா, லாரிக்காரன் குடிச்சிருந்தான். அத இனி நீ சுமக்காண்டாம். நான் சாவணும்னு நீ கேட்டது எனக்குத் தகும். ஆனாலும் நீ கேக்கதுனால சொல்லுதேன். மன்னிச்சேன்." தாசம்மாளின் முகத்தில் ஒன்றும் மலரவில்லை, தோள் மட்டும் அரை அங்குலம் இறங்கியது. வயலெட் விடவில்லை. "அந்தப் பிள்ளைக்க அம்மை..." "செலஸ்தீனா. இருக்கா, அதே கடக்கரையில. நான் ரெண்டு மட்டம் போனேன்." "என்ன சொன்னா?" "என்ன சொல்லுவா? ஆயா மருந்து மாத்தி வச்சுக் கொன்னுட்டான்னு ஆஸ்பத்திரியில சொல்லிக் குடுத்திருக்கு. எனக்க மூஞ்சியில கதவ அடச்சா." வெயில் மரத்தைத் தாண்டி வந்து இருவர் காலிலும் விழுந்தது. "நாளைக்கு நான் போறேன்" என்றாள் வயலெட். "போங்க. செருப்பால அடிப்பா." "அடிக்கட்டு." "அடிச்சிட்டும் கதவ அடைப்பா." "அடைக்கட்டு. கேட்டுட்டு அடைக்கட்டு. உனக்க பேருல விழுந்த பழி மாறணும்லா." தாசம்மாள் அவளை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அன்பு இல்லை. "மதுரை நம்பரு ஒண்ணும் கேக்காதீங்க சிஸ்டர்" என்றாள், "எனக்கு உங்களக் கண்டா இப்பவும் வயிறு எரியும்," என்று சொல்லிவிட்டு, "வாங்க, கடைசிப் பந்தி கூப்பிடுதாவ" என்று முன்னால் நடந்தாள்.

பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்க இரண்டு இடம்தான் பாக்கி இருந்தது, அடுத்தடுத்து அல்ல, நடுவில் யாரோ ஒரு கர்ப்பிணிப் பெண். பிரசங்கியார் பக்கத்து நாற்காலியில் கண்ணை மூடியிருந்தார், இன்னும் வேர்த்துக்கொண்டிருந்தது, பாவம் இந்த மனுஷன் டாக்டரிடம் போகவேண்டும், சொல்லிவிட்டுப் போகலாம் என்று வயலெட் நினைத்தாள். முட்டு வலித்தது. வலி போகவில்லை, ஒரு வலியும் போகவில்லை. நாளைக்குக் கடற்கரைக்குப் போகிற பஸ்ஸை நினைத்தால் வந்த பயம் இருந்தது, ஆரஞ்சுத் தோல் இருந்தது, பையன் கேட்ட கேள்வி இருந்தது, அவற்றை யாரும் எடுத்துக்கொண்டு போகப்போவதில்லை. ஆனால் அவற்றுக்கு நடுவே, அவளுக்கு இத்தனை வருஷமாகப் பழக்கமே இல்லாத ஒன்று வயிற்றில் அசைந்தது. முதலில் என்னவென்று தெரியவில்லை. போதகர் ஒவ்வொரு கையாகக் கடந்து வந்துகொண்டிருந்தார், கரிந்த இரண்டு உள்ளங்கைகள், கர்ப்பிணிப் பெண், அடுத்து இவள். வயலெட் கையை நீட்டியபோதுதான் அது பிடிபட்டது. வார்டில் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். நாள்கணக்கில் தீயாகச் சுட்ட உடம்பு ஒரு காலையில் வேர்த்து விறுவிறுத்துக் குளிரும், தலை நிற்காது, எழுந்து உட்காரத் தெம்பு இருக்காது, கண்ணைத் திறந்ததும் நோயாளி ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வான், அதைக் கேட்டதும் நர்ஸுக்குத் தெரிந்துவிடும் இவன் பிழைத்துக்கொள்வான் என்று. பசிக்குது. உள்ளங்கையில் விழுந்த அந்தத் துண்டு அப்பத்தை வயலெட் பசியோடு வாயில் போட்டுக்கொண்டாள்.